வில்லும் புள்ளியும்

1985 பெப்ரவரி 10

சந்தியில் எங்கள் ஊர் கோரைவெளிக்குப் பெயர்ப் பலகை கட்டியாகிவிட்டது. வெறும் சீமெந்து. சுற்றிவர என்ன கீறுவது என்று பள்ளிவாசலில் தாய்வழிக் குடிகளின் தலைவர்களான மரைக்கார்மார் கிழமைக்கணக்கில் அடிபடுகிறார்கள். ஒருவருக்குப் பிறை வேண்டுமாம், இன்னொருவருக்கு நெற்கதிர். சித்திரம் படிப்பிக்கிற என்னிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நானே கச்சிமுகம்மது மாமாவிடம் போய்ச் சொன்னேன்: ஊரில் இருக்கிற தமிழ், முஸ்லிம் எல்லாக் குடிகளும் மாட்டுக்குச் சுடுகிற குறியைக் கீறுவம். "இது எனக்குத் தோணல்லியே, புள்ள!" என்று சிரித்தார். எங்கள் குடிக்கு அவர்தான் மரைக்கார். உம்மா மௌத்தான பிறகு எனக்கும் அவர்தான் எல்லாம்.

பெப்ரவரி 17

கீறி முடித்தேன். எங்கள் குடிக்கு வில். காலையில் பால் கொண்டுவரும் செல்லத்தங்கத்தின் குடிக்கும் வில்தான். குடிப் பெயரும் ஒன்று. அவர்கள் கோயிலுக்கு, நாங்கள் பள்ளிக்கு; தாய்வழி எங்கேயோ ஒன்றாய் இருந்திருக்கிறது. மேய்ச்சலில் மாடு மாறக்கூடாதென்று அவர்களுடைய வில்லுக்குக் கீழே மட்டும் ஒரு புள்ளி. நான் ஒரே வில்லைக் கீறி, கீழே புள்ளியும் வைத்தேன். இரண்டு வீட்டுக்கும் அது போதும்.

செல்லத்தங்கம் பால் செம்போடு நின்று பார்த்தாள். "என்ட சிவலைட தொடையில கிடக்கிறது சந்தியிலயும் கிடக்கு. இனி அவளைப் பிடிக்க ஏலாது, டீச்சர்." சிவலை அவளுடைய ஒரே பசு.

ஏப்ரல் 15

கீழ்த்தெரு எரிகிறது. யா அல்லாஹ்.

ஏப்ரல் 16

கீழ்த்தெருத் தமிழ்க் குடும்பங்கள் கடற்கரைப் பக்கம் போகின்றன. அந்தப் பக்கத்து எங்கட முஸ்லிம் ஆக்கள் அழுதுகொண்டு சம்மாந்துறைக்குப் போகிறார்கள். இந்தக் கலவரத்தை யார் தொடங்கினது? ஆளுக்கொரு கதை.

செல்லத்தங்கம் வேலியால் எட்டிச் சொன்னாள்: "சிவலை மேய்ச்சல்ல நிக்கிறாள். கொண்டுபோக ஏலாது. குறி கிடக்குதானே, தொலையமாட்டாள். பார்த்துக்கொள்ளுங்க, டீச்சர்." ஓம் என்றேன். போகாதே என்று சொல்லவில்லை. எந்தத் தைரியத்தில் சொல்வது?

மே 2

பலகையில் தமிழ்க் குடிகளின் குறிகளுக்கு மேல் சீமெந்து பூசிவிட்டார்கள். அதில் வில்லும் புள்ளியும் மட்டும் மிச்சம்; வில் எங்கட குறியும்தானே. மாமா வந்தார். "ஒரு புள்ளிதானே, புள்ள. நீ வெச்சது, நீயே அழிச்சிப் போடு."

ஏலாது என்றேன். மாமாவிடம் அந்தச் சொல்லை இதுவரை சொன்னதில்லை. சிவலையைத் தேட ஆள் அனுப்பச் சொன்னேன். "அது எங்கயும் செத்துக் கிடக்கும்" என்று எழும்பிப் போய்விட்டார்.

மே 3

புள்ளி இல்லை. சீமெந்து இன்னும் காயவில்லை.

மே 20

மாமா வீட்டு வளவில் சிவலை.

என் குரலுக்குத் தலையைத் தூக்கினாள். தொடையில் வில் அப்படியே இருக்கிறது. புள்ளி இருந்த இடத்தில் புதுச் சூடு. உள்ளங்கை அகலப் புண், ஈ மொய்க்குது.

"இது செல்லத்தங்கத்திட" என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவேயில்லை. "நம்மட குறிதானே கிடக்கு. சந்தியில போய்ப் பாரு."

இதுக்கா நான் கீறினன்? வெயில்ல நிண்டு, ஆசையா — இதுக்கா? யாரிட்டப் போய்க் கதைக்க? எனக்கு வேற மாமா இல்ல. வேற ஊரும் இல்ல.

ஜூன் 8

கல்முனை பஸ் நிலையத்தில் செல்லத்தங்கம். மெலிந்து கறுத்திருக்கிறாள். நான் நோன்பு என்று தெரிந்து, கையிலிருந்த சோடாவைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சிவலை?"

"இருக்கிறாள்."

"குறி கிடக்குதானே, டீச்சர்?"

"ஓம், கிடக்கு."

"அப்ப சரி" என்றாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது.

ஜூன் 20

பெருநாள். மாமா வீட்டிலிருந்து சிவலையின் பால் வந்தது. நோன்பு முழுக்கத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்று அனுப்பவில்லை. காய்ச்சினேன். மகள் சுல்பிகா இரண்டு கோப்பை குடித்தாள். நானும் குடித்தேன்.