பதினேழு பேருக்கும் ஒரே தொண்டை

என் பிரியமுள்ள பரமு மச்சானுக்கு,

நீ போய் இரண்டு வருடமாகிறது. உன் வகுப்பை இப்போது ஒரு புது டீச்சர் பார்த்துக்கொள்கிறார். தோட்டத்தை விற்றதால் நம் தோட்டப் பள்ளியைக் குனோங் ராபாட் டவுன் பக்கம் கொண்டுவந்தும், நம் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். நீ வாய்ப்பாடு சொன்னால் அதற்கு மேல் குரலெடுத்து நான் இலக்கணம் நடத்துவேன், நீ அதற்கும் மேலே போவாய். இப்போது அந்தப் பெண்ணோடு அதே போட்டி நடக்கிறது.

போன வாரம் ஷாலினி என்று ஒரு பேச்சு சிகிச்சையாளர் வந்தார். பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடும் தெலுக் இந்தான்காரர். ஆசிரியர்களில் யாருக்குக் குரல் கெடும் அபாயம் இருக்கிறது என்று முன்கூட்டியே கணிப்பது அவர் வேலை. நாளுக்கு எத்தனை மணி நேரம் பேசுகிறீர்கள், கத்துவதுண்டா, அடிக்கடி தொண்டையைச் செருமுவீர்களா, நெஞ்செரிச்சல் உண்டா, குரல் கம்மியிருக்கிறதா என்று கேட்கும் இரண்டு பக்கப் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

படிவம் வந்தால் நாம் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். துணைத் தலைமையாசிரியை ராஜம்மா டீச்சர் ஒன்றை நிரப்பி ஆசிரியர் அறையில் வைத்தார். மற்றவர்கள் பார்த்து எழுதினோம். யாரும் தனித்துத் தெரியக் கூடாது, பள்ளிக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது. அந்த அம்மாள் பாடம் எடுப்பது குறைவு, பெரும்பாலும் அலுவலக வேலைதான். ஆக, மைதானத்தில் விசில் இல்லாமலே ஓட்டப்பந்தயம் நடத்தும் குமார் சார் உட்பட நாங்கள் அனைவரும் நாளுக்கு ஒரு மணி நேரம் மெல்லப் பேசுகிறவர்கள் ஆனோம்.

மறுநாள் ஷாலினி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். “டீச்சர், பதினேழு பேருக்கும் ஒரே தொண்டையா லா?”

“எங்க ஸ்கூல்ல ஒத்துமை அதிகம்மா,” என்றார் ராஜம்மா டீச்சர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஷாலினி படிவங்களை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மூச்சை இழுத்து ‘ஆ’ என்று முடிந்தவரை நீட்டச் சொல்லி, கைப்பேசியில் நேரம் பார்த்தார். எனக்கு எட்டாவது விநாடியில் வெறும் காற்றுதான் வந்தது.

“எத்தன நாளா சார் இப்படி இருக்கு?”

ரெண்டு வாரம் என்று வாய்வரை வந்துவிட்டது. மச்சான், அது நீ சொன்ன விடை. கிளினிக்கில் டாக்டர் உன்னைக் கேட்டபோது சொன்னது. உன் குரல் ஐந்து மாதமாகக் கரகரத்ததைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் தினமும் கேட்டவன் நான். அன்று உன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. டாக்டர் இருமல் மருந்து எழுதினார். பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைப் புற்று என்று கண்டுபிடிப்பதற்குள் இன்னும் நாலு மாதம் போய்விட்டது. அன்றைக்கே நான் திருத்தியிருந்தால்? பிறகு டாக்டர்களைக் கேட்டுப் பார்த்தேன். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

“மூணு மாசம்மா,” என்றேன்.

“போராங்ல இல்லன்னு எழுதியிருக்கீங்களே,” என்று என் படிவத்தை எடுத்துக் காட்டினார்.

“அது ராஜம்மா டீச்சரோட தொண்டை. என்னோடது இதுதான்.”

அவர் சிரிக்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்று, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் உன் தங்கையிடம் சொன்னேன். தூசி, ஏர்கோன் குளிர் என்று மூன்று மாதமாக அவளிடம் சொல்லிவந்தது பொய் என்றேன். கிளினிக்கில் நீ சொன்னதையும், நான் சும்மா இருந்ததையும் அதோடு சேர்த்தே சொல்லிவிட்டேன். கமலா அடுப்பை அணைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அண்ணனுக்கு அஞ்சு மாசம்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் எனக்கு நாள் கொடுத்திருக்கும் வரும் புதன்கிழமைக்கு வேலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கேட்டதற்கு அந்த ஒன்றை மட்டும் சொன்னாள், கூட வரத்தானாம்.

டாக்டரிடம் ஒரு நாளைக்கூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன், மச்சான். நான் குறைத்தாலும், பக்கத்து நாற்காலியில் இருக்கிறவள் விடமாட்டாள்.

உன் தங்கை வீட்டுக்காரன்,
செல்வம்