கிட்டப் போனால் இருக்கும் பாலம்

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை விடவில்லை. வெள்ளிக்கிழமை வரப்போகும் வாடிக்கையாளர்களைப் பற்றித்தான் எங்கள் மேப் கம்பெனி முழுக்கப் பேச்சு. கண் இமைப்பதற்குள் வரைபடம் திரையில் விழ வேண்டுமாம்.

மதியம் அக்கா போன் செய்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், வேலை நேரத்தில் பேசவே மாட்டாள்.

"ஏண்டி, உங்க மேப்புல ஆத்துப் பாலம் ஜம்முனு நிக்குது. இங்க வந்து பாத்தா பாதியக் காணோம். நேத்தே போயிடுச்சாம்! நல்லவேளை, வண்டியில பேஷன்ட் இல்ல. எவன்டி போட்டது இந்த மேப்ப?"

அவளுக்குத் தெரியாதா என்ன, போட்டவர்களில் நானும் ஒருத்திதான் என்று.

செப்டம்பர் 10, புதன்

காரணம் கிடைத்தது. பாலம் போன செய்தி வந்ததுமே தரவிலிருந்து அதை எடுத்துவிட்டோம். ஆனால் ஒவ்வொருவரும் மேப்பைத் திறக்கும்போது வரைபடத்தைப் புதிதாக வரைவதில்லை. சதுரச் சதுரமாக ஒருமுறை வரைந்து எடுத்து வைத்திருப்போம், கேட்டவுடன் கொடுக்க. தூரத்துப் பார்வைக்கான சதுரங்கள் கொஞ்சம்தான். அவற்றை அழித்துப் புதிதாக வரைந்தாயிற்று. தெரு தெரியும்படி கிட்டப் பார்க்கிற சதுரங்கள் லட்சக்கணக்கில் — யாரும் தொடவில்லை.

ஆக, தூரத்திலிருந்து பார்த்தால் பாலம் இல்லை. விரலால் பெரிதாக்கினால் இருக்கிறது. திருத்திய பதிப்பு வந்த பிறகும் பழைய புத்தகத்தையே எடுத்து நீட்டுகிற நூலகம் மாதிரி. ஓட்டுகிறவர்கள் கிட்டப் பார்த்துத்தானே ஓட்டுவார்கள்?

எங்கள் குழுத் தலைவரிடம் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஆறப்போடு' என்று பெயர்.

"அழிச்சா எல்லாத்தையும் மறுபடி வரையணும்மா. மேப் ஊர்ந்துக்கிட்டு வரும். வெள்ளிக்கிழமை அவங்க முன்னாடி மானம் போயிடும். ரெண்டு நாள் ஆறப்போடு."

"சார், ஆம்புலன்ஸ் அந்த மேப்பத்தான் பாக்குது."

"ஓட்டுறவங்களுக்குக் கண்ணு இல்லையா?"

என் இடத்துக்குத் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு நல்ல நல்ல பதில்களாக வருகின்றன. எப்போதும் இப்படித்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

அக்காவை எச்சரித்தேன்: பெரிதாக்காதே, தூரத்திலிருந்தே பார்.

"தூரத்துல பாத்தா சந்து தெரியுமாடி? சரி, எனக்குச் சொல்லிட்ட. அடுத்த ஷிப்ட்ல என் வண்டிய எடுக்கிறவருக்கு யாரு சொல்லுவா? அவருக்கும் உங்க ஆபீஸ்ல தங்கச்சி இருக்காளா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் இன்னொரு செய்தி: கரையோரச் சாலை உள்வாங்கிவிட்டது. தரவிலிருந்து எடுத்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். சாலை சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

அய்யோ, இப்ப யாராவது அதுல போய்க்கிட்டிருந்தா? யார்கிட்ட கேக்கணும்? எதுக்குக் கேக்கணும்?

ஆற்றின் இரு கரைகளையும் வளைத்து ஒரு கட்டம் போட்டேன். அதற்குள் இருந்த கிட்டத்துச் சதுரங்கள் அத்தனையையும் அழித்தேன். அழிக்க நேரமே ஆகவில்லை. மறுபடி வரையத்தான் —

சர்வருக்கு மூச்சு வாங்கியது. கூட்ட அறையில், வந்தவர்கள் முன்னால், திரை வெள்ளை வெள்ளையாக நின்றது. கண்ணாடிக் கதவு வழியே தலைவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.

செப்டம்பர் 13, சனி

இனி எதையும் அழிக்கும் அனுமதி எனக்கு இல்லை. "உன்ன நம்பினேனேம்மா" என்றார் தலைவர். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா வந்தாள். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஒரே வசவு.

"வெள்ளிக்கிழமை உங்க மேப்புக்கு என்னடி வந்துச்சு? கரைப் பக்கம் வந்தா வெறும் வெள்ளைக் கட்டம். பின்னாடி ஒரு பெரியவர் மூச்சுக்குத் திணறுறார், எனக்கு வழியே தெரியல. வண்டிய நிறுத்தி பெட்ரோல் பங்க்ல கேட்டேன். கரை ரோடு உள்ள போயிடுச்சு, மேல சுத்திப் போங்கன்னாங்க."

"அந்தப் பெரியவர்?"

"அவருக்கென்ன, வார்டுல உக்காந்து நர்ஸோட சண்டை போட்டுக்கிட்டிருக்கார். அத விடு. ஒரு மேப்ப ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"சொல்லி வைக்கிறேன்க்கா" என்றேன். தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் சட்டென்று எழுந்துவிட்டேன், அவள் என் முகத்தைப் பார்ப்பதற்குள்.