கட்டைக் குரல்

அன்புள்ள என்னவருக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். முதலில் ஒரு விஷயம். வேலையை விடுவதாக மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் கையைக் காலைப் பிடித்தாவது திரும்ப வாங்கிவிடுங்கள். நான் வானொலியில் செய்தி வாசிக்கப் போனதும் நீங்கள் ஊர் திரும்பலாம் என்று நாம் போட்ட திட்டம் மண்ணாகிவிட்டது. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

என் குரல் உங்களுக்குத் தெரியாததா? கல்யாணமான புதிதில் உங்கள் தம்பி எனக்கு விசில் என்று பெயர் வைத்தானே, அந்தக் குரல். வாசிப்புப் பயிற்சியின் முதல் நாளே ஆசிரியை ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, வெள்ளத்துல ஊரே முழுகிப்போச்சுன்னு நீ வாசிச்சா, யாருக்கோ குழந்தை பொறந்த மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அன்றிலிருந்து நான் வாசிக்கும்போதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருப்பார். குரலை இன்னும் இறக்கு என்று அர்த்தம். விட்டேனா பார் என்று நானும் தொண்டையை நெரித்து நெரித்து இறக்கினேன். விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டும் வாசித்தேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் தொண்டை கரகரவென்று கட்டிக்கொண்டது. விடுப்புக் கேட்கப் போனவளை மைக் முன்னால் நிறுத்தினார் ஆசிரியை. வாசித்து முடித்ததும், "இதுதான் செய்திக் குரல், இத விட்டுடாத" என்றார். அந்த மாதத் தேர்வில் வகுப்பிலேயே நான்தான் முதல். அதற்குப் பிறகு கரகரப்புக் குறைவது போலிருந்தாலே எனக்குப் பயம் வந்துவிடும். வகுப்புக்கு முன்னால் மொட்டை மாடிக்குப் போய்க் கத்திவிட்டு வருவேன். கட்டைக் குரல் வந்துவிட்டது என்று உங்களுக்குக்கூடப் பெருமையாக எழுதினேன். நோய்க்குப் பரிசு வாங்கின மகராசி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வாரம் நேரலைத் தேர்வு. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. தாள்கள் சரசரக்கக் கூடாது என்று தனித்தனியாகப் பரப்பி வைத்திருந்தேன். வணக்கம் சொன்னேன். தலைப்புச் செய்தி பாதியிலேயே வெறும் காற்றாகிவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. வானொலியில் எந்தத் தப்பையும் பொறுப்பார்கள், மௌனத்தை மட்டும் பொறுக்க மாட்டார்கள். ஒலிப்பதிவாளர் இசையைப் போட்டுவிட்டார். நான் எழுந்து வந்தேன்.

தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாண் இரண்டிலும் காய்ப்புக் காய்த்திருக்கிறது, ஒன்று அசையவே இல்லை என்கிறார். அறுவை செய்தால், "வீட்டுல பேசற அளவுக்கு வரலாம்மா, வாசிக்கிறத மறந்துடு" என்றார். அதுவரை வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாதாம். இவள் வாயை மூட ஒரு வழி பிறக்காதா என்று உங்கள் அம்மா புலம்புவாரே, அவரிடம் சொல்லிவிடுங்கள், வேண்டுதல் பலித்துவிட்டது.

பயிற்சிக் கல்லூரி முதல்வர் என்னை வெளியே அனுப்பவில்லை. படிப்பு முடியும்வரை கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாசிக்கும்போது மைக்கைத் திறந்து மூடச் சொல்லியிருக்கிறார். என் இடத்தில் இப்போது என் அறைத்தோழி. நேற்று ஹெட்போனில் அவளைக் கேட்டேன். மூச்சு முடியும் இடத்தில் அதே கரகரப்பு. டாக்டரிடம் போ என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். "பொறாமப்படாதடி" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தாளை ஆசிரியையிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்தார். பிறகு, "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, ஆனா கேக்குறவங்களுக்கு இதுதானே பிடிக்குது" என்றார். அவர் ஏன் வாசிப்பை விட்டுவிட்டுப் பாடம் நடத்த வந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணை இனி யார் காப்பாற்றுவது என்று தெரியவில்லை.

அழவும் கூடாது, தொண்டை இறுகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஒன்றில் மட்டும் அவர் பேச்சை என்னால் கேட்க முடியவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போன் செய்யுங்கள். நான்தான் எடுப்பேன். பதில் வரவில்லை என்று வைத்துவிடாதீர்கள். என்ன சமைத்தீர்கள், யாரோடு சண்டை போட்டீர்கள், அங்கே மழை உண்டா, எதையாவது சொல்லிக்கொண்டே இருங்கள். நடுநடுவே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இருக்கியா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இருப்பேன்.

நீங்களாவது நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் மனைவி