இடம் விட்டுப் பாடியது

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஹால் முழுக்கக் கொடி கட்டித் தொங்குகிறது, வீடே ஈர நாற்றம்.

செய்ய வேண்டியது: கேஸ் புக் பண்ண. அம்மாவுக்கு முட்டி எண்ணெய். குடைக்கம்பி. ஆல்பம்.

ஆல்பம் என்று எழுதவே கூச்சம். எட்டுப் பாட்டு. சொல் என்னுடையது, மெட்டு என்னுடையது, முதல் தடவையாகக் குரலும் என்னுடையது. நாற்பத்திரண்டு வயதில். மற்றவர்கள் இந்த வயதில் பிள்ளைக்குக் காலேஜ் தேடுகிறார்கள்.

எல்லாம் ஹடப்சர் ஸ்டுடியோவில் பாடியது. லோஹேகாவ் வீட்டில் பாட வழியில்லை, பக்கத்திலேயே விமானப்படைத் தளம், தலைக்கு மேலே போர் விமானம் போனால் மைக் அதைத்தான் முதலில் பிடிக்கிறது. இன்று பிரசாத் (ஸ்டுடியோக்காரர், இனி பி. போதும்) எட்டையும் வரிசையாக ஓடவிட்டார். கண்ணை மூடிக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி.

"மஸ்த் ஹை," என்றார். "ஃபைனல் கப் காவோகி?"

பிரமாதமாம். ஃபைனல் எப்போது பாடப் போகிறேனாம். நான் பாடி வைத்ததுதான் ஃபைனல். "அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 5, சனி

பி. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போட்டது ஸ்க்ராட்ச். பெரிய பாடகி வருவதற்கு முன்னால், அவள் கேட்டுப் படிக்க ஒருத்தி பாடி வைக்க வேண்டும். மராத்தி, இந்தி, சமயத்தில் தமிழ் விளம்பரம். அவள் வந்து பாடியதும் என்னுடையதை அழித்துவிடுவார்கள். தொழிலின் முதல் பாடமே, உன் சங்கதி எதையும் போடாதே என்பதுதான். அழாதே, சிரிக்காதே, மெட்டைச் சுத்தமாகக் காட்டிவிட்டு நகரு. மீதியை வருகிறவள் போட்டுக்கொள்வாள். நான் அதில் கெட்டிக்காரி. "உன்னை மாதிரி இடம் விட்டுப் பாட ஆளில்லை" என்று ஒரு மியூசிக் டைரக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெட்கம்.

இப்போது என் பாட்டையே அப்படிப் பாடி வைத்திருக்கிறேன். எட்டையும். இன்னொருத்தி வந்து உட்காரட்டும் என்று நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அம்மா என் போனில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. எவ பாடப் போறாட்டி?"

எதைப் போட்டாலும் கேட்கிற கேள்விதான். பழகிவிட்டது அவளுக்கு. நான் எழுந்து போய் குக்கரை வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

நல்ல மழை. பஸ்ஸில் முழங்கால் வரை ஈரம். பின்சீட்டில் ஒருத்தி போனில் யாரையோ அதட்டுகிறாள்: "ரடூன் காய் உப்யோக்!" அழுது என்ன பிரயோஜனம் என்று. எனக்கு அந்த அழுகைதான் வரவில்லை, அம்மணி.

"ஈரத்துணி"யைத் திரும்பப் பாடினேன். அப்பா தவறிய மழைக்காலத்தில் நான் எழுதியது. ஃபாக்டரி சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தோம். அவர் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துபோனார், சட்டை அப்படியே தொங்கியது.

கொடியில் கிடக்குது காக்கிச் சட்டை
காயவும் இல்லை, எடுக்கவும் இல்லை

இதைக்கூட ஸ்க்ராட்ச் மாதிரிப் பாடியிருக்கிறேன். சொந்த அப்பாவை. கேட்டால், யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு யாரோ ஒருத்தி பாடுகிறாள்.

பி. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஃபீல், ஃபீல்" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஃபீல் பண்ணினேன். அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். கேட்டுப் பார்த்தால் நாடகத்தில் ஒப்பாரி வைக்கிறவள். அதையும் அழித்தோம்.

இஞ்சி வாங்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

தொண்டை கட்டியிருந்தது. போகாமல் இருந்திருக்கலாம். பி.யே, "இன்னொரு நாள் பாரு" என்றார். கேட்கவில்லை. இன்றைக்கு விட்டால் பயம் வந்துவிடும் என்று வீம்பு.

சரணத்தில் மேலே போகிற இடம். முழு மூச்சையும் கொடுத்தேன். நடுவில் குரல் நின்றது. வலி இல்லை. காற்று மட்டும் வந்தது. பாட்டு பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது, நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

பி. வெந்நீர் கொண்டுவந்தார். "கல் டீக் ஹோ ஜாயேகா." நாளைக்குச் சரியாகிவிடுமாம்.

ஜூலை 14, திங்கள்

சரியாகவில்லை.

பாணேரில் டாக்டரம்மா. மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் திரையில் காட்டினார். இத்தனை நாள் சோறு போட்டதை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன். ஒரு பக்கம் சிவப்பாக, ரத்தம் கசிந்து. அதன் ஓரத்தில் சின்னக் கட்டி, ஜவ்வரிசி அளவு. அது கொஞ்ச நாளாகவே இருந்திருக்கும் என்றார். கத்தினீர்களா என்று கேட்டார். பாடினேன் என்று எழுதிக் காட்டினேன்.

பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசமாம். ரத்தம் வற்றியபின் ஆபரேஷன். அதன் பிறகு பேச்சுக்குப் பயமில்லை.

"பாட்டு?" என்று எழுதினேன்.

"பாடலாம். குரல் கொஞ்சம் மாறலாம். எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது."

ஆட்டோவில் வரும்போது ஓயாமல் அழுதேன். சத்தமில்லாமல் அழுவதற்கும் பயிற்சி வேண்டும். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

ஜூலை 17, வியாழன்

சிலேட்டுப் பலகை ஒன்று வாங்கினேன். "பால்". "கேஸ் வந்ததா". "பசிக்கலை". என் பேச்சு மொத்தமும் இவ்வளவுதான் போல.

நான் பேசாததால் அம்மா இரண்டு பங்கு பேசுகிறாள். பக்கத்து ஃபிளாட் பாட்டீல் மருமகள், முட்டி, விலைவாசி. பிறகு, பருப்பைப் பார்த்துக்கொண்டே: "ஒன் தொண்டைக்கு என்ன கேடு வந்துச்சுன்னு தெரியல. அடுத்தவளுக்குப் பாடுதப்போ ஒரு இருமல் வந்தது உண்டுமா?"

உண்மை. அடுத்தவளுக்குப் பாடும்போது ஒரு நாளும் வந்ததில்லை.

ஜூலை 19, சனி

கேதகி போன் பண்ணினாள். நான் ஸ்க்ராட்ச் பாடி வைக்க, வந்து பாடிப் பேர் வாங்குகிறவள். நல்ல பெண், அதைச் சொல்லியாக வேண்டும். பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் "ஹலோ? ஹலோ?" என்கிறாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "சே, நெட்வொர்க்" என்று வைத்துவிட்டாள்.

பிறகு வாய்ஸ் மெசேஜ், இந்தியில். பி. எல்லாம் சொன்னாராம். எட்டுப் பாட்டையும் அவளே பாடித் தருகிறாளாம். எனக்காக, சும்மா. தமிழ் உச்சரிப்பை நான் பாடி வைத்ததைக் கேட்டே பிடித்துக்கொள்வாளாம். "உங்க ஸ்க்ராட்ச் இருந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்?"

அன்பாகத்தான் சொன்னாள். யார்மீதாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

பி. மெசேஜ்: அவள் பேர் இருந்தால் நாலு பேர் கேட்பார்கள். யோசி.

யோசிக்கிறேன். அவள் நன்றாகப் பாடுவாள். அப்பாவை அவள் என்னைவிட நன்றாகப் பாடுவாள். காக்கிச் சட்டையைக் கண்ணால் பார்க்காமலே பாடுவாள்.

ஜூலை 22, செவ்வாய்

தூறல். பழைய எட்டையும் ஹெட்போனில் கேட்டேன், பி. ஃபைனல் எப்போது என்று கேட்டாரே, அந்த எட்டு. அழுத்திப் பாடினதை எல்லாம் அழித்தாயிற்று. இந்தக் குரல் இனி வருமா தெரியாது. இருப்பது இது மட்டும்.

நன்றாக இல்லை. பொய் சொல்லி என்ன. தட்டையாக இருக்கிறது. ஒவ்வொரு அடி முடிவிலும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறேன், யாரோ வந்துவிட்டால் வழிவிட. ஆனால் வீட்டிலும் நான் அப்படித்தான். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பார்க்க வந்தவர்களுக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். வேறு எப்படிப் பாடுவேன்.

பி.க்கு எழுதினேன்: இதையே போடுங்கள்.

பி.: "ஸ்க்ராட்ச்?"

ஆமாம்.

பி.: "சப்பையாக இருக்கு. பிறகு வருத்தப்படுவாய்."

படுவேன். போடுங்கள்.

கேதகிக்கு நன்றி சொல்லி ஒரு மெசேஜ். நாலு தடவை அடித்து அழித்து, கடைசியில் ஒரு பூப்படம்.

ஜூலை 26, சனி

வெயில், கொஞ்ச நேரம். துணியை வெளியே போட்டேன், திரும்ப மழை, திரும்ப உள்ளே.

ஆபரேஷன் அடுத்த வாரம். கொண்டுபோக: ரிப்போர்ட், ஆதார், சால்வை, சிலேட்டு.

பி. முழு ஆல்பத்தையும் அனுப்பியிருந்தார். குரலைத் தொடவில்லையாம், சுற்றி இருந்த வாத்தியத்தைத்தான் குறைத்தாராம். அம்மா தரையில் உட்கார்ந்து கவார் (நம்ம கொத்தவரங்காய்) நறுக்கிக்கொண்டிருந்தாள். போனைப் பக்கத்தில் வைத்து "ஈரத்துணி"யைப் போட்டேன். காக்கிச் சட்டை என்று வந்ததும் கத்தி நின்றது. முடியும் வரை நிமிரவில்லை.

"எவ பாடப் போறா?"

சிலேட்டு அடுக்களையில். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"நீதான் பாடிருக்கன்னு தெரியுது. எவ பாடப் போறான்னுல்லா கேக்கேன்."

மறுபடியும் நெஞ்சைத் தொட்டேன். என் முகத்தையே பார்த்தாள். கையில் இருந்த கவாரைத் தட்டில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அப்போ இத அழிக்க மாட்டாங்களா?"