வெற்றி அனுப்பிய எண்பது மில்லிமீட்டர் முன்சக்கரம்

திருவொற்றியூர்,
27.12.2025

அன்புள்ள வெற்றிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் நைனா, யசோதரா மூன்று பேரும் நலம். நலம் என்ற சொல்லை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் தவறியிருந்தால் உன் தங்கை விஷயத்தில் அந்தச் சொல்லை எழுத முடியாமல் போயிருக்கும். நீயும் ராட்டர்டாம் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாய், போனில் பேசினால் அம்மா கத்தாதே என்பாய். தாளுக்கு அந்த இரண்டு வழியும் கிடையாது, உட்கார்ந்து கடைசி வரை படி.

முதலில் வீட்டுச் செய்தி. இந்த மழையில் தெருவுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது, நம் படியைத் தொடாமல் வடிந்துவிட்டது. நைனாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, டீயில் சர்க்கரை போடாமல் விட்டதால் இல்லை, எனக்குத் தெரியாமல் வெளியே குடிப்பதைக் கடைக்காரன் நிறுத்திவிட்டதால். புளியந்தோப்பு சித்தப்பா வீட்டில் எல்லோரும் சுகம். இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் நீ உன் சிநேகிதன் முபாஷிர் கையில் கொடுத்தனுப்பிய பெட்டி வந்த அன்று நான் உன்னைப் பெருமையாகத்தான் பேசினேன், அதை மறைக்க மாட்டேன். போன வருஷம் தூத்துக்குடிப் போட்டியில் யசோ கடலில் நீந்தி முடித்து, தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிளும் மிதித்து வந்து, கெடு நேரத்துக்கு நான்கு நிமிடம் பிந்தியதால் கடைசியாக ஓட வேண்டிய ஓட்டத்துக்கு விடாமல் நிறுத்தப்பட்டாள் அல்லவா, அந்த நான்கு நிமிடத்தை அண்ணன்காரன் மனதில் வைத்திருக்கிறான் பார் என்று எதிர்வீட்டில் வரைக்கும் சொன்னேன். கறுப்பாக இரண்டு கார்பன் சக்கரம். விளிம்பு எண்பது மில்லிமீட்டர் ஆழம், அளவுகோல் வைத்துப் பார்த்தேன், என் உள்ளங்கை அகலம். பஞ்சர் கடை தாமஸ் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னாக்கா இது, சைக்கிள் சக்கரமா எண்ணெ டிரம்மு மூடியா, என்னாண்ட கீற எந்த டியூப்போட காத்தடிக்கிற மௌத்தும் இதுல வெளிய எட்டிப் பாக்காதே என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இது இந்தச் சாலைக் காற்றுக்குத் தாங்குமா என்று அப்போதே அவனிடம் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

டிசம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை, யசோ வலது முழங்கையில் கட்டோடு வந்து குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். நைனா பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். முப்பத்தொரு வருஷம் பத்திரிகையில் துறைமுகத்துச் செய்தியும் இந்தச் சாலையின் விபத்துச் செய்தியும் எழுதியவளிடம் இந்தக் கதை. மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது பார்த்தேன், தோலுக்குள் கருங்கல் பொடி. நம் குளியலறையில் ஏதடா கருங்கல் பொடி? ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு தாமஸ் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன், யக்கா, பாப்பா பொயச்சிக்கிச்சே அதுவே பெர்சு, அந்த டிரெய்லர்காரன் மட்டும் பிரேக் புடிக்காம இர்ந்தா இன்னா ஆயிருக்கும், இன்னாத்துக்குக்கா அதுக்கு அந்தக் காத்தாடி சக்கரம் என்றான். எனக்குத் தெரியும் என்று நினைத்துப் பேசினான் பாவம். அவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டு வாங்கினேன்.

நீ இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போனவன், இருந்தாலும் நினைவுபடுத்துகிறேன். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் கடல் பக்கமாகத் தெற்கு நோக்கி வரிசையாக நிற்கும். கன்டெய்னருக்குப் பின்னால் கன்டெய்னர், ஒரு சுவர் மாதிரி. ஆனால் குப்பத்துச் சந்து வந்தால் எந்த டிரைவரும் வாயை அடைத்து நிறுத்த மாட்டான், ஒரு வண்டி நீளத்துக்கு வழி விட்டுத்தான் நிறுத்துவான். மீன்கூடையோடு பெண்கள் வர வேண்டும், வலை ஏற்றிய வண்டி வர வேண்டும், பாடை வந்தாலும் போக வேண்டும். போலீஸ் போட்ட சட்டம் இல்லை, குப்பத்துக்காரர்களும் டிரைவர்களும் எத்தனையோ சண்டைக்குப் பிறகு தாங்களாகவே வைத்துக்கொண்டது. யசோ முகத்துவாரக்குப்பம் வரை போய்த் திரும்பி, எர்ணாவூர் தாண்டி அந்தச் சுவரை ஒட்டித் தெற்கே வந்திருக்கிறாள். சுவர் இருக்கும்வரை காற்றே இல்லை. சந்து வந்ததும் கார்த்திகைக் கடல்காற்று இடதுபக்கம் மொத்தமாக அடிக்கிறது. கைகளை நீட்டி முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுகிற வண்டி அது, இரண்டு கையும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரேக் வேறிடத்தில் இருக்கும். படகின் பாயைப் பிடித்துத் திருப்புவது மாதிரி காற்று உன் எண்பது மில்லிமீட்டர் முன்சக்கரத்தைத் திருப்பிவிட்டது. அவள் வலதுபக்கம், ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் போய் விழுந்தாள்.

பின்னால் வந்த டிரெய்லரை ஓட்டியவர் பெயர் திருமுருகன், சங்ககிரிக்காரர். அன்று அவர் தாமஸ் கடையில் கொடுத்துப்போன நம்பரை வாங்கிப் பேசினேன். பாப்பா மேல தப்பே இல்லீங்கம்மா, காத்து அப்படியே தூக்கி என் வண்டிக்கு முன்னால வெச்சிடுச்சுங்க, பிரேக்க ஏறி மிதிச்சிட்டேனுங்க என்றார். எவ்வளவு தூரத்தில் வண்டி நின்றது என்று கேட்டேன். ஆறடி இருக்கும் என்றார். மறுநாள் காலை நைனாவின் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வரிசையில் வந்தபோது இறங்கி வந்து இரண்டு இடத்தையும் காட்டினார், நான் அளந்தேன். ஐந்தரை அடி. எத்தனையோ பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி அடி அளந்து எழுதியிருக்கிறேன் வெற்றி, அன்றைக்கு டேப்பைச் சுருட்ட எனக்குக் கை வரவில்லை.

இனிதான் உன் பங்கு. வீட்டுக்கு வந்து போனைக் கொடு என்றதும் யசோ திறந்து கொடுத்தாள். ஆகஸ்டிலிருந்து நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டது அத்தனையும் படித்தேன், இரண்டு முறை படித்தேன். அவள் சிநேகிதியிடம் ஐம்பது மில்லிமீட்டர் முன்சக்கரம் இரவல் வாங்கி இரண்டு வாரம் இதே சாலையில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். சந்து வரும்போது இழுக்கிறது, பிடித்து நிறுத்த முடிகிறது, ஆனால் கை வலிக்கிறது, நான் ஐம்பத்தொரு கிலோ, எனக்கு முன்னால் நாற்பத்தைந்து போதும், பின்னால் எண்பது இருக்கட்டும், பின்சக்கரம் திரும்பாது என்று தெளிவாக எழுதியிருக்கிறாள். இதைவிட ஒழுங்கான செய்தியை என் காலத்தில் எந்த இளம் நிருபரும் கொண்டுவந்ததில்லை. அதற்கு நீ எழுதிய பதில் என்ன? சராசரிக் காற்று மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்தான், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், முன்னால் எண்பது போட்டால் ஒரு நிமிடம் பத்து வினாடி மிச்சம், நானே இங்கே எண்பதில்தான் ஓட்டுகிறேன், பயப்படாதே லூசு. லூசு. நீ எண்பத்திரண்டு கிலோ. உனக்கு அங்கே சைக்கிளுக்கென்றே தனிப்பாதை. சராசரிக் காற்று என்று ஒன்று எந்தச் சந்திலிருந்து வருகிறது என்று எனக்குக் காட்டு, நானும் போய்ப் பார்க்கிறேன். அவள் ஓட்டிப் பார்த்துச் சொன்னதைத் தள்ளிவிட்டு, ஓட்டாத இடத்தைப் பற்றி உன் கம்ப்யூட்டர் சொன்னதை நம்பியிருக்கிறாய். திடீர்ப் பரிசு என்று பெயர் வைத்து, அவள் வேண்டாம் என்றதையே வாங்கி அனுப்பினாய். பரிசு என்று வந்ததைத் திருப்பித் தர அவளுக்கு மனம் வரவில்லை. விழுந்த அன்று உனக்குத்தான் முதலில் போன் செய்தாள். நீ சொன்ன முதல் வார்த்தை, அம்மாவுக்குச் சொல்லாதே. இரண்டாவது வார்த்தை, சக்கரத்தில் விரிசல் இருக்கிறதா பார். நீ பதறிப்போய் என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்டிருப்பாய் என்று நைனா சொல்கிறார். இருக்கலாம். கேட்டது நீதான்.

நைனாவிடமும் சண்டை போட்டேன். நீ இப்டி ஆடுவேன்னு தெரிஞ்சிதானே ரமா சொல்லல என்றார். இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு மட்டும் போட்டேன், பேச்சு இல்லை.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்தில் உன்னை மட்டும் திட்டி முடித்திருப்பேன். பதின்மூன்றாம் தேதி யசோ லேபுக்கு வேலைக்குப் போயிருந்தபோது முன்சக்கரத்தைக் கழற்றி, ஆட்டோவில் வைத்து, சித்தப்பா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். கூடவே ஜனவரியில் வரும் போட்டிக்காகத் தூத்துக்குடிக்கு எடுத்த ரயில் டிக்கெட்டையும் ரத்து செய்யச் சொல்லி நைனாவிடம் கொடுத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. முன்சக்கரம் இல்லாத வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். அவன் வேகம் வோணும்னு என் பேச்சக் கேக்கல, நீ பயந்துகினு கேக்கல, யாருமா வண்டி ஓட்டப் போறது, நானா நீங்க ரெண்டு பேருமா என்றாள். ஆறடி அஞ்சடின்னு ரோட்ட அளந்தியே, டிரைவராண்ட கேட்ட, தாமஸ் அண்ணனாண்ட கேட்ட, வியுந்தவ நானு, என்னாண்ட ஒரு கேள்வி கேட்டியா என்றாள். வெற்றி, உண்மைதான், கேட்கவில்லை. விபத்தில் பிழைத்தவரை விட்டுவிட்டு எழுதிய செய்தியை என் ஆசிரியர் கிழித்து மேஜைக்கு அடியில் போட்டிருப்பார்.

அப்போதுதான் கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னாள். மறுநாளே போய்ச் சக்கரத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன், டிக்கெட்டை நல்லவேளை நைனா ரத்து செய்யவில்லை, அவருடைய சோம்பலுக்கு அன்று ஒருநாள் மட்டும் நன்றி சொன்னேன். முடிவை அவள் எடுத்திருக்கிறாள். ஜனவரி பதினெட்டாம் தேதி போட்டிக்குப் போகிறாள். பின்னால் உன் எண்பது இருக்கும், அது நல்ல சக்கரம் என்கிறாள், அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. முன்னால் பழைய அலுமினியச் சக்கரம். அதில் ஒரு நிமிடம் போகும் என்று அவளுக்குத் தெரியும், மீதி நேரத்தைக் காலால் எடுக்கிறேன் என்கிறாள். கெடு நேரத்துக்குள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வருகிறது ஒவ்வொரு நாளும், சொல்லாமல் இருக்கிறேன், அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் தெரியும்.

உன் முன்சக்கரம் இந்தக் கடிதத்தோடு திரும்பி வருகிறது. வரும் வியாழக்கிழமை முபாஷிர் அங்கே கிளம்புகிறான், அவனிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிய கடையில் கொடுத்து நாற்பத்தைந்து மாற்றி வை, அடுத்த போட்டிக்கு ஆகும். என்ன அளவு, எந்த வால்வு, எந்த டயர் எல்லாம் யசோ தன் கையால் எழுதித் தாள் ஒன்று உள்ளே வைத்திருக்கிறாள், அதில் எதையும் உன் இஷ்டத்துக்கு மாற்றாதே, கூட்டாதே, தள்ளுபடியில் வேறு கிடைக்கிறது என்று எனக்கு எழுதாதே. மன்னிப்பு என்னிடம் கேட்க வேண்டாம், எனக்கு ஐந்தரை அடியை மன்னிக்க இன்னும் நாள் ஆகும். அவளிடம் கேள்.

வேளைக்குச் சாப்பிடு. உன் உழைப்பும் அறிவும் உன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நன்மையாகவே முடியட்டும், நீண்ட நாள் நலமாக இரு. ஒரு நினைவூட்டல் மட்டும். பதினெட்டாம் தேதி நம் நேரம் மதியம் இரண்டு மணிக்கு மேல் அவளுக்குப் போன் செய். எத்தனை மணிக்கு முடித்தாய் என்று கேட்காதே. காற்று எப்படி இருந்தது என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.

ஜெய்பீம்.

கோபத்தோடும் அன்போடும்,
உன் அம்மா
ப. ரமாபாய்