மழைக்கால மடி என்று நாங்கள் சொன்னது

என்னைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

இங்கே இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. ஆரியசாலையில் நம் கடை மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். வற்றல் மிளகாய் நமத்துப் போகாமல் காப்பதே பெரும்பாடாக இருக்கிறது. உன் மகள் நிஷாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். பயப்படாதே, இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

தெருக்காரர்கள் இன்றும் உன் சிரிப்பைத்தான் சொல்கிறார்கள். அம்மன் கோயில் பொங்கலை நாளில் கடை வாசலில் அடுப்பு மூட்டி, புகையில் கண்ணைக் கசக்குகிறவர்களைக் கேலி செய்துகொண்டே எல்லோருக்கும் மோர் கொடுப்பாய். அத்தான் இறந்து, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டு மாடிக்கு வந்த பிறகும், தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே பாடியவள் நீ. மழை தொடங்கினால் அந்தச் சத்தம் நின்றுவிடும். வாங்கி வைத்த துணிகள் அப்படியே கிடக்கும். பகலெல்லாம் படுத்திருப்பாய், தலை வாரமாட்டாய், கேட்டால் பதில் வராது. ஓணம் நெருங்கி வெயில் தெளிந்ததும் மெல்ல எழுந்து வருவாய்.

வருஷா வருஷம் ஒரே காலத்தில் வந்து போகிற ஒன்று நோயாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை? சோம்பல் என்றே முடிவு கட்டினோம். ‘மழைக்கால மடி’ என்று பேரும் வைத்தோம். ஒருமுறை கடையில் ஆட்கள் நிற்கும்போதே, “மழை தொடங்கியாச்சு, எங்க அக்காவுக்கு மடியும் தொடங்கியாச்சு” என்று சொல்லிச் சிரித்தேன். நீ படியில் நின்றிருந்தாய். அப்படியே மேலே போய்விட்டாய்.

போன வருஷம் நீ படுத்தபோதும் அதுதான் என்று நினைத்தேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பியபோது என் கையைப் பிடித்தாய்.

“தம்பி, இது எப்பவும் வாறது மாதிரி இல்ல, கேட்டியா. மேலெல்லாம் நோவுது. எனக்கு வய்யா, முடியல.”

“எல்லா வருசமும் இதத்தானே அக்கா சொல்லுத” என்று கையை விடுவித்துக்கொண்டேன். உன் கை சுட்டது. போர்வைக்குள் கிடந்த சூடு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எலிக்காய்ச்சல் என்று மருத்துவமனையில் கண்டுபிடித்தபோது உன் சிறுநீரகம் ஓய்ந்திருந்தது. முன்னாலேயே ஏன் கொண்டுவரவில்லை என்று டாக்டர் கேட்டார். அங்கிருந்து உன்னை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை.

இந்த மழையில் நிஷா காலேஜுக்குப் போவதை நிறுத்தினாள். அம்மாவை நினைத்து வாடுகிறாள் என்று நானும் அவள் மாமி லதாவும் விட்டுவிட்டோம். ஆனால் அவள் அழவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். ஒரு காலை எழுப்பப் போனபோது அந்தப் பழைய சொல் என் நாக்குவரை வந்துவிட்டது, அக்கா. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் பேசினாள். மூன்று மழையாகவே இப்படித்தானாம்.

“அம்மாவச் சொன்ன மாதிரி என்னையும் சொல்லுவீங்கன்னு பேசாம இருந்தேன், மாமா.”

அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மனநல டாக்டர் ஓர் அம்மா. மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். வெளிச்சம் குறையும் மாதங்களில் சிலருக்கு உடம்பின் தூக்கமும் விழிப்பும் முறை தவறி, மனமும் சேர்ந்து அமிழ்ந்துபோகுமாம். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் அதிகம்; இங்கே சிலருக்கு அடைமழையில் வருமாம். பருவகால மனச்சோர்வு என்று பேர். மனசு வைத்தால் எழுந்துவிடலாம் என்கிற விஷயம் அல்ல. வைத்தியம் உண்டு. வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அக்கா மழைக்காலத்தில் மடி பிடித்துக் கிடப்பாள் என்றேன். எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மடியல்ல. அசுகமாணு” என்றார். சோம்பல் இல்லை, நோய்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நிஷா கேட்டாள்: “அப்போ அம்மா மடிச்சி இல்ல, இல்லியா மாமா?”

“இல்ல மக்களே. அம்மைக்குச் சொகமில்லாம இருந்திருக்கு. நான்தான் கேக்கல.”

வீடு வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாடி ஜன்னலை மறைத்திருந்த தகரத்தைக் கழற்றிவிட்டேன். காலையில் மழை விட்ட நேரம் பார்த்து அவளும் லதாவும் நடக்கப் போகிறார்கள். மாத்திரை சாப்பிடுகிறாள். நேற்று காலேஜுக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டாள். லதா ஒன்றும் கேட்காமல் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

உன் காய்ச்சல் வேறு, இது வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் இதற்கு நாங்கள் வைத்த பேர்தானே அதை மறைத்தது? அந்தப் பேர் இல்லாதிருந்தால் அன்றைக்கே உன்னை ஆட்டோவில் ஏற்றியிருப்பேனா? இதை யாரிடம் போய்க் கேட்பது, அக்கா?

இனி ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்பே அவளை டாக்டரிடம் கூட்டிப் போவேன். முடியவில்லை என்று அவள் சொன்னால் அருகில் உட்கார்ந்து கேட்பேன். சொல்லி முடிக்கும்வரை எழமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவள் என்னை மன்னிக்க நாளாகும். நீயும் அவசரப்பட்டு மன்னித்துவிடாதே.

நிஷாவுக்கு மாமனாக இருக்கக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் தம்பி
முருகேசன்