கருங்குன்றத்தில் கதிர் நின்ற செய்தி

மலையேறி வீங்கிய வலக்கால் முட்டியைத் தரையில் ஊன்ற மாட்டாமல், பாறையொன்றில் சாய்ந்தபடியே, வெண்கோட்டு நாட்டு அமைச்சன் மன்றவாணன், கடலும் காடும் எல்லையாக ஆளும் மாநெடுவேள் மன்னர்பிரானின் திருமுன் விடுக்கும் ஓலை. பெருமானின் குடைநிழல் குளிர்க, குளங்கள் நிறைக, குடிகள் வயிறார உண்க.

கருங்குன்றத்தில் கலகம் இல்லை. இதை முதலில் அறிந்து மன்னர் நிம்மதியாக மூச்சுவிடலாம். மன்றவாணனும் இன்றுதான் விட்டான்.

நடந்தது இது. அணைக்குக் கல் வெட்டும் நூற்றிருபது பேரும் மார்கழியில் ஒரு நண்பகல் உளியைக் கீழே போட்டுவிட்டு, உச்சியில் நட்ட நெடுங்கழியைச் சுற்றி அமர்ந்தார்கள். கண்காணி அதிகன் காரணம் கேட்டபோது, அவர்கள் தலைவன் கூளன் ‘கதிர்நிலை’ என்று மட்டும் சொன்னான். அரண்மனைக் கணியரின் நூல்களில் அயனம் உண்டு; இந்தச் சொல் இல்லை. ஆகவே அதிகன் அதைக் கலகக்காரரின் அடையாளச் சொல் என்று கொண்டான். கழியடியிலிருந்து வடக்கே நீண்ட காவி பூசிய கூழாங்கல் வரிசையைப் படைக்கணக்கு என்று கொண்டான். கூளனுக்கு விலங்கிட்டு, நான்காம் நாள் அந்தியில் கழுவேற்றக் குறித்தான். மற்றவர்களைச் சாட்டை முனையில் மீண்டும் கல் வெட்டும் பள்ளத்தில் இறக்கினான். சொல்லின் பொருளையும் பிறப்பையும் தேர்ந்து வருமாறு பெருமான் பணிக்க, மன்றவாணன் மறுநாள் விடியலில் குன்றடி சேர்ந்தான்.

விளக்கம் சொன்னவள் கூளன் மனைவி வெள்ளச்சி. அவள் பேச்சை அவைக்கு ஏற்பத் திருத்தாமல் மன்றவாணன் எழுதுகிறான். அவனும் தலையில் கல் சுமந்து வளர்ந்தவனே. “சூரியன் தெக்க தெக்கப் போயிட்டே இருக்குது சாமி, உச்சி நிழலும் நாளுக்கு நாள் நீளுது. நிழலு நுனியில தெனம் ஒரு கல்லு வைப்போம். நேத்து வச்ச கல்ல இன்னிக்கி நிழலு தாண்டலைன்னா சூரியன் நின்னுருச்சு. மூணு நாளு நிக்கும், பொறவு வடக்க திரும்பும். எங்க முப்பாட்டனுங்க இதைப் பாத்துத்தான் கதிர்நிலைன்னாங்க. அதுவே நின்னு இளைப்பாறுது, எங்க இடுப்பு மட்டும் இரும்பா?” என்றவள், “குடைய மடக்கிட்டு உக்காருங்க. நிழலு உங்க கண்காணி மாதிரி பொய் சொல்லாது” என்றும் சேர்த்தாள்.

உட்கார்ந்தான். இரண்டாம் நண்பகலும் மூன்றாம் நண்பகலும் நிழல் அதே கல்லில் விழுந்தது. நான்காம் நாள் அது பின்வாங்கியாக வேண்டும். இல்லையேல் சொல் பொய், கூளன் பிணம். அன்று உச்சிவேளை நெருங்கும்போது முகில் மூடியது. நிழலே இல்லை. அதிகன் கழுமரத்துக்கு எண்ணெய் பூசச் சொல்லி ஆளனுப்பினான். வெள்ளச்சி வானத்தை அண்ணாந்து பார்த்து, “தள்ளித் தொலையேன்!” என்று கத்தினாள். உச்சி கடக்கும் முன் முகில் கிழிந்தது. நிழல்நுனி கல்லுக்கு உட்பக்கம் ஒரு நெல்லின் அகலம் குறைந்து விழுந்ததை மன்றவாணன் மண்ணில் முகம் பதியக் குனிந்து கண்டான். அதிகனையும் குனியவைத்தான். அவ்வளவு பேசிய பெண் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். விலங்கு கழன்ற கூளனோ, “இன்னிக்கிக் கல்லு வச்சீங்களா இல்லையா?” என்றுதான் முதலில் கேட்டான்.

அயனம் என்னும் நூலோரின் சொல் கதிர் செல்வதைச் சொல்கிறது; இவர்களின் சொல் அது திரும்பும் முன் நிற்பதைச் சொல்கிறது. நிற்பதைக் கண்டவர்கள் வெயிலில் நின்று வேலை செய்தவர்களே. இச்சொல்லைப் பஞ்சாங்கத்தில் ஏற்றவும், ஆண்டுதோறும் அம்மூன்று நாளும் குன்றத்தில் உளியோசை எழாதிருக்கவும் பெருமான் ஆணை தந்தருள வேண்டும். அதிகன் கண்காணிப்பு நீங்கி, பதில் சொல்ல அரண்மனைக்கு வரக் கடவன்.

மார்கழி முடியுமுன், சான்றாகக் கூளன் கைநாட்டும் காப்பாக அமைச்சு முத்திரையும் இட்டு விடுக்கப்பட்டது.

இன்னும் ஒன்று. இவ்வாண்டு கதிர் நின்ற நாட்களில் இவர்களைச் சாட்டையால் ஓட்டினோம். நூற்றிருபது பேருக்கும் மூன்று நாள் ஓய்வை அரசு கடன்பட்டிருக்கிறது. அது இன்னும் தீரவில்லை.